பாக்கி நிற்கும் 18 வகுப்புகள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பெல்லாம் ஆன்லைனில்தான். ‘ரெக்கார்டிங் இருக்கிறதே, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டு, இப்போது 18 வகுப்புகள் பாக்கி. டைம்டேபிள் போட்டால் இரண்டாம் நாளே குலைந்துவிடுகிறது. நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், கணக்குதான் தப்பு. 50 நிமிட வகுப்புக்கு 50 நிமிடம் ஒதுக்கியிருப்பீர்கள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, குறிப்பெடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம்கூடப் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 15 மணி நேரம் என்று நினைத்த வேலை 27 மணி நேரம். எந்த டைம்டேபிள் இதைத் தாங்கும்? இப்படிக் குறைத்துக் கணிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வெளியான கட்டுரையிலேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில், பழைய பாக்கியில் கை வைக்காதீர்கள். இன்றைய வகுப்பை அது நடக்கும் நேரத்திலேயே கவனியுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறைக்க, மறுபக்கம் நிரம்பும்.

அடுத்து, 18 வகுப்புகளின் ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள், தலைக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த அசைன்மென்ட்டுக்கோ பின்னால் வரும் பாடத்துக்கோ தேவைப்படுபவற்றை மட்டும் பார்ப்பதற்கு எடுத்துவையுங்கள். பாடப்புத்தகத்திலேயே தெளிவாக இருப்பதை அங்கேயே படித்துவிட்டு, வீடியோவை மனசாரத் தள்ளிவிடலாம்.

மிச்சத்தில் நாளுக்கு ஒன்று, தினமும் ஒரே நேரத்தில், ஒன்றரை மணி நேரம். வாரத்தில் ஆறு நாள் போதும். ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள், தவறிப்போனது அன்று சேரும். டைம்டேபிள் குலைவதற்குப் பெரும்பாலும் இந்தக் காலி இடம் இல்லாததே காரணம்.

விளக்கமாகப் பேசும் பகுதியை 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். கணக்கோ நிரூபணமோ வந்தால் சாதாரண வேகம்தான். வேகமாக ஓட்டினால் மூன்று முறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். புரியாத இடத்தில் நிறுத்தாமல் ‘23-வது நிமிடம்’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள். பாதி சந்தேகங்கள் பத்து நிமிடத்தில் ஆசிரியர் வாயாலேயே தீர்ந்துவிடும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

அசைன்மென்ட் கடைசி நேரம் இரவு 11:59 என்றால், உங்கள் கெடு அதற்கு முந்தின இரவு. கடைசி நிமிடத்தில்தான் ஃபைல் அளவு அதிகம் என்று தளம் திருப்பி அனுப்பும், இணையமும் இழுக்கும். ஏற்றி முடித்ததும் அதே ஃபைலைத் தளத்திலிருந்து இறக்கித் திறந்து பாருங்கள். பழைய பதிப்பை ஏற்றியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.