விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், விளக்கச் சொன்னால் விழிக்கிறார்கள்: எந்தத் தேர்வு எதற்கு?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் 40 பேர். திருத்த எளிது என்பதால் பாடத்தேர்வு எல்லாவற்றையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகவே வைத்துவந்தேன். ஆவியாதல் பாடத்தில் பெரும்பாலோர் 25-க்கு 20-க்கு மேல் வாங்கினார்கள். மறுநாள், "ஈரத்துணியை விரித்துப் போட்டால் ஏன் சீக்கிரம் காய்கிறது?" என்று கேட்டேன். மூன்று பேர்தான் வாயைத் திறந்தார்கள். எல்லாவற்றையும் நெடுவினாவாக மாற்றினால் திருத்தி மாளாது. எந்த வகை வினாவை எப்போது வைப்பது?

பதில்: உங்கள் தேர்வு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. "ஆவியாதலை விரைவுபடுத்துவது எது?" என்று கேட்டு, கீழே "பரப்பளவு" என்ற சொல்லையும் வைத்தால், பாடநூலின் வரி தானாகவே நினைவுக்கு வந்துவிடும். அடையாளம் காண்பது வேறு, தானாக எடுத்துச் சொல்வது வேறு. பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அதே முகத்தை வரையச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும்.

ஆகவே வினாவின் வகையை முதலில் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்ய முடிய வேண்டும் என்று ஒரு வரி எழுதி, அதில் உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். "பெயரைச் சொல்வார்", "வேறுபடுத்திக் காட்டுவார்", "காரணம் கூறுவார்", "அளந்து காட்டுவார்" என்று எது வருகிறதோ, வினாவும் அதையே செய்யச் சொல்ல வேண்டும். 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் கற்றல் நோக்கங்களுக்கு வகுத்த ஆறு படிகளை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்பீர்கள். நினைவுகூர்தல் அடிப்படி என்று சொல்லும் அந்த அட்டவணையை மனப்பாடமாக எழுதித்தான் நம்மில் பலர் தேறினோம்! ஆறு படிகளின் பெயர்கள் மறந்தாலும் குடி முழுகிப்போகாது. அந்த ஒற்றை வினைச்சொல் கையில் இருந்தால் போதும்.

தேர்ந்தெடுக்கும் வினாவைக் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பாடம் முழுவதையும் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. குறை பெரும்பாலும் தவறான விடைகளில்தான் இருக்கிறது. சரியான விடை ஒன்றை எழுதிவிட்டு, வாய்க்கு வந்த மூன்றை இட்டு நிரப்புகிறோம். ½ + ⅓ என்ற கணக்கைப் பாருங்கள். சரியான விடை 5/6. அதனுடன் 2/5, 2/6, 1/6 ஆகியவற்றை வையுங்கள். 2/5 என்று குறித்தவர் மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டியிருக்கிறார். 2/6 குறித்தவர் பொதுப் பகுதி கண்டுபிடித்தார், தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். 1/6 குறித்தவர் கூட்டல் குறியைக் கவனிக்காமல் பெருக்கியோ கழித்தோ விட்டார். மூன்று தவறு, மூன்று நோய். மறுநாள் யாருக்கு எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது விடைத்தாளிலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட தவறு இரண்டுதான் தோன்றுகிறதென்றால் மூன்று விடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவரும் தொடாத நான்காவது விடையால் பயன் இல்லை. இன்னொன்று: சரியான விடையை மட்டும் நீளமாக, பொறுப்பாக எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பாடம் படிக்காத பிள்ளைகூட அதைக் கண்டுபிடித்துவிடும்.

சரியா தவறா என்று கேட்பதை மதிப்பெண்ணுக்கு வைக்காதீர்கள். பத்து கேள்விகளுக்கு நாணயத்தைச் சுண்டிவிட்டே விடை எழுதினாலும் 7 அல்லது அதற்கு மேல் வாங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 17 விழுக்காடு. உங்கள் வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் ஏழு பேர் அந்த எண்ணைத் தொட்டுவிடலாம். நான்கு விடைகள் உள்ள வினாவில் அதே 7 மதிப்பெண் குருட்டாம்போக்கில் கிடைப்பது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான். பாடத்தின் நடுவே கை தூக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சரியா தவறா நன்றாக உதவும், அவ்வளவுதான். பொருத்துக என்று கேட்டால் வலப்பக்கம் ஒன்றிரண்டு விடைகளைக் கூடுதலாக வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி இணை இலவசம். கோடிட்ட இடத்தில் ஒரே ஒரு விடை மட்டும் பொருந்துமா என்று பாருங்கள். "நீர் ______ கொதிக்கும்" என்று கொடுத்தால் "பாத்திரத்தில்" என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் தர மறுக்க உங்களிடம் காரணம் இல்லை.

இனி, திருத்தி மாளாது என்ற கவலை. அதற்கு மருந்து நெடுவினா இல்லை, குறுவினா. நாற்பது பேரின் ஐந்து நெடுவினாக்களை ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்துத் திருத்தினால் பத்து மணி நேரம் போய்விடும். "ஏன்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்த இரண்டு வரிக் குறுவினாவை அரை நிமிடத்தில் திருத்தலாம். உங்கள் பாடத்துக்கே ஒன்று சொல்கிறேன்: "அகன்ற தட்டிலும் குறுகிய வாயுள்ள பாட்டிலிலும் 100 மில்லி நீர் வீதம் ஊற்றித் திறந்து வைக்கிறோம். எது முதலில் வற்றும்? ஏன்?" முதல் பாதிக்கு எல்லோரும் "தட்டு" என்பார்கள். இரண்டாம் பாதியில்தான் வகுப்பு பிரியும். "தட்டில் நீர் குறைவாக இருக்கிறது" என்று சிலர் எழுதுவார்கள். அளவு சமம் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தும் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை நம்புகிறார்கள். "பரப்பு அதிகம்" என்று மட்டும் சிலர் நிறுத்திவிடுவார்கள். "பரப்பு கூடினால் ஒரே நேரத்தில் அதிக நீர் மூலக்கூறுகள் வெளியேற முடியும்" என்பதுவரை போகும் பிள்ளைதான் மறுநாள் ஈரத்துணிக் கேள்விக்கும் பதில் சொல்லும்.

நெடுவினாவுக்கும் இடம் உண்டு. ஒரு வாதத்தைத் தொடங்கி, சான்றுகளை அடுக்கி, முடிவுக்குக் கொண்டுவரும் திறனைப் பார்க்க வேறு வழி கிடையாது. ஆனால் திருத்துபவரின் கை மாறினால் மதிப்பெண்ணும் மாறிவிடும். 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியும் மதிப்பெண் வந்தது, தொண்ணூறைத் தாண்டியும் வந்தது. அது மொழிப்பாடம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அடுத்து வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். அங்கே இடைவெளி இன்னும் அதிகம். எனவே வினாவை எழுதும்போதே எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று விடைக்குறிப்பையும் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாதபடி மேல் தாளை மடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாளை முழுதாக முடித்து அடுத்தவர் தாளுக்குப் போகாமல், எல்லோருடைய முதல் விடையையும் திருத்திவிட்டு இரண்டாவதற்கு வாருங்கள். முதல் பக்கத்து அழகான கையெழுத்து கடைசிப் பக்கத்து மதிப்பெண்ணை இழுத்துக்கொண்டு போகாது. முன்பு தாள் தாளாகத் திருத்திக்கொண்டிருந்த நான், மாலையில் திருத்தியவற்றில் மதிப்பெண் குறைந்திருப்பதைப் பார்த்த பிறகே இந்த முறைக்கு மாறினேன்.

உங்கள் 25 மதிப்பெண் தேர்வை நான் அமைத்தால், தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 10, "ஏன்" கேட்கும் இரண்டு மதிப்பெண் குறுவினாக்கள் 5, ஐந்து மதிப்பெண் நெடுவினா ஒன்று என்று வைப்பேன். திருத்துவதற்கு, குறுவினாக்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், நெடுவினாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தேர்ந்தெடுக்கும் வினாக்களை மாணவர்களே தாளை மாற்றித் திருத்தலாம். வெப்பமானியைப் படித்துச் சொல்வது போன்றவற்றை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். வெப்பமானியைப் பற்றி எழுத வைத்தால் எழுத்துதான் தெரியும். கருவியைக் கையில் கொடுத்து அரை நிமிடம் நின்று பாருங்கள்.

திருத்தி முடித்ததும் விடைத்தாள்களை உடனே கட்டி வைத்துவிடாதீர்கள். அதிக மதிப்பெண் பெற்ற பத்துத் தாள்களையும் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துத் தாள்களையும் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இரு பக்கமும் எத்தனை பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மேல் பத்தில் எட்டு, கீழ் பத்தில் மூன்று என்றால் கேள்வி நன்றாக வேலை செய்திருக்கிறது. இருபக்கமும் பத்துக்குப் பத்து என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அல்லது கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கீழ் பத்தில் சரியாக எழுதியவர்கள் மேல் பத்தைவிட அதிகம் என்றால் பிள்ளைகளைச் சந்தேகிக்கும் முன் உங்கள் விடைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஓர் எழுத்து மாறியிருக்கும்.