பால்வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்கவில்லை: மருந்து உண்டா?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம், 70 ஆடுகள். காவலுக்கு ராஜபாளையம் நாய் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் வாங்கியவை. ஒரே தாய் தகப்பன், வேறு வேறு ஈற்று. பெட்டை தலையீற்றில் 7 குட்டி போட்டு 38 நாள் ஆகிறது. இரண்டு குட்டிகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சோற்றுத் தட்டு சத்தம் கேட்டும் தூங்குகின்றன. மருந்துக்கடைக்காரர் காதில் விட ஜென்டாமைசின் சொட்டும் பி12 ஊசியும் கொடுத்து, 10 நாளில் சரியாகும் என்றார். குட்டி எடுக்க வந்த வியாபாரி, காதில் கறுப்புத் திட்டு உள்ள ஒரு குட்டியை மட்டும் 'கலப்பு' என்று ஒதுக்கிவிட்டார். காதுக்கு வேறு நல்ல மருந்து உண்டா? அடுத்த பருவத்துக்கும் இதே ஜோடியைச் சேர்க்கலாமா?

பதில்: முதல் வேலையாகச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். ஜென்டாமைசின், காதுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்களையே கொல்லக்கூடிய மருந்து. காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் அது நேராக உள்ளே இறங்கி, இருக்கிற கேள்வித்திறனையும் கெடுக்கும். குட்டியின் காதைக் கருவி வைத்துப் பார்க்காமல், சவ்வு முழுசாக இருக்கிறதா என்று தெரியாமல் இதைக் கொடுத்தது பெரிய தவறு. பி12 கெடுதல் செய்யாது, ஆனால் இதற்கு ஒரு பயனும் இல்லை. சீழ், நாற்றம், தலையை உதறுவது என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பிறவிச் செவிடு. இதற்கு உலகத்தில் எங்கும் மருந்து இல்லை. '10 நாளில் சரியாகும்' என்று விற்பவர் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். நிறத்தைத் தரும் செல்கள் கருவில் முதுகுத்தண்டு ஓரத்தில் உருவாகி, அங்கிருந்து நகர்ந்து தோலுக்கும் கண்ணுக்கும் உள்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். பால்வெள்ளை நாய் என்றால் அந்தச் செல்கள் தோலுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். உள்காதுக்கு மட்டும் வந்திருந்தால் காது கேட்கும். அங்கேயும் வராவிட்டால், உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட குழாயில் உள்ள திரவத்தைச் சரியான நிலையில் வைத்திருக்கும் ரத்தநாளப் பட்டை சுருங்கிப்போகும். அதைத் தொடர்ந்து மயிர்ச்செல்கள் சாகும். குட்டிகளுக்குக் காது திறப்பது இரண்டாவது வாரத்தில். இந்த அழிவு நடப்பது மூன்றாவது, நான்காவது வாரத்தில். 'முதலில் திரும்பிப் பார்த்தது, அப்புறம்தான் கெட்டது, ஏதோ நோய்' என்று பலர் நினைப்பது இதனால்தான்.

மனிதனோடு பழகும் விலங்கில் இந்த வெள்ளை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நரிகள் சாட்சி. 1959இல் மரபியல் விஞ்ஞானி பெல்யாயெவ் அங்கே பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் பொறுக்கி இனம் பெருக்கத் தொடங்கினார். நிறத்தை யாரும் தேர்வு செய்யவில்லை. சில தலைமுறைகளிலேயே நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு குட்டிகள் பிறந்தன. நாம் அந்த வெள்ளையையே குறியாக வைத்து, உடம்பு முழுக்கப் பரவும்வரை பொறுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம்.

இப்போது, நீங்கள் கேட்காத கேள்வி. இரண்டு குட்டி செவிடு என்று தெரிந்துவிட்டது. மற்ற ஐந்துக்கும் இரண்டு காதும் கேட்கிறதா? இதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில், வெள்ளை உடம்பில் புள்ளிகள் உள்ள டால்மேஷியன் நாய்களைச் சோதித்தபோது சுமார் 8 சதவீதம் இரு காதும் செவிடு, 22 சதவீதம் ஒரு காது மட்டும் செவிடு. கண்ணுக்குத் தெரிகிற செவிட்டுக் குட்டிகளைவிட தெரியாதவை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு காது கேட்கும் குட்டி கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும். சத்தம் எந்தத் திசையில் என்று தெரியாமல் தலையை இங்கும் அங்கும் திருப்பும், அவ்வளவுதான். அதை நல்ல நாய் என்று நம்பி இணை சேர்ப்பவர் செவிட்டை அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கிறார். உங்கள் ஜோடியில் ஒன்று அப்படிப்பட்டதாக இருக்கலாம். இரண்டுக்கும் நன்றாகவே கேட்டாலும் குட்டி செவிடாகப் பிறக்கலாம். 'தாய்க்கும் தகப்பனுக்கும் காது கூர்மை' என்று விற்பவர் சொல்வதில் உத்தரவாதம் எதுவும் இல்லை.

வீட்டில் சோதிப்பதென்றால் கை தட்டாதீர்கள். காற்று அசைவை உணர்ந்து செவிட்டுக் குட்டியும் திரும்பும். ஒவ்வொரு குட்டியாக, அது அயர்ந்து தூங்கும்போது, கூடப்பிறந்தவை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மற்ற குட்டிகள் எழுந்தால் செவிட்டுக் குட்டியும் அவற்றைப் பார்த்து எழும். கட்டில், பலகை வேண்டாம், அதிர்வு போகும். சிமெண்டுத் தரையில் சாக்கு போட்டுப் படுக்க வையுங்கள். நிழல் விழாமல் தலைக்குப் பின்னால் ஆறடி தள்ளி உட்கார்ந்து, கையில் பிடித்தபடியே எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு. காது மடல் துடிக்கிறதா, கண் திறக்கிறதா பாருங்கள். வேறு வேறு நேரத்தில், வேறு வேறு சத்தத்தில் மூன்று தடவை செய்து எழுதி வையுங்கள். இன்னொரு அடையாளம் விளையாட்டில் தெரியும்: கூடப்பிறந்தது வீலென்று கத்தியும் கடியை விடாத குட்டியைக் கவனியுங்கள். அந்தக் கத்தல் அதற்குக் கேட்டிருக்காது.

இந்தச் சோதனையெல்லாம் இரு காதும் போன குட்டியை மட்டுமே காட்டும். ஒரு காது போனதைக் கண்டுபிடிக்க, தலைத் தோலில் மெல்லிய ஊசி மின்முனைகளைக் குத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் மின் அலையைப் பதிவு செய்ய வேண்டும். 35 நாளுக்கு மேல் செய்யலாம். சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படாது. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை வேப்பேரி கல்லூரியிலும் இந்தச் சோதனைக்கு வழி கேளுங்கள். ஒரு குட்டியின் விலையை இதில் போடுவது நட்டம் இல்லை.

அந்தக் கறுப்புத் திட்டுக் குட்டியைப் பற்றி: அதைத் தயவுசெய்து யாருக்கும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். என் கணக்கில் அந்த ஏழில் முதலில் வைத்துக்கொள்ள வேண்டிய குட்டி அதுதான். திட்டு இருந்தாலே கலப்பு என்பது வியாபாரிகள் கட்டிய கதை. ராஜபாளையத்தில் கறுப்பும் பழுப்பும் எப்போதும் பிறந்துகொண்டுதான் இருந்தன. வெள்ளைக்குத்தான் விலை என்பதால் நிறத்தோடு பிறந்தவற்றைப் பிறந்த அன்றே அழித்தார்கள். நம் கண்ணில் வெள்ளை மட்டுமே பட்டதற்குக் காரணம் அதுதான். உள்காதுக்குப் போக வேண்டிய நிறச் செல்லை வழியெல்லாம் கொன்றுபோட்டுவிட்டு, இப்போது காது கேட்கவில்லை என்று சொட்டு மருந்து தேடுகிறோம். டால்மேஷியனில் பிறக்கும்போதே பெரிய திட்டோடு வரும் குட்டிகளில் செவிடு தெளிவாகக் குறைவு. ஆனாலும் கண்காட்சிக்கு ஆகாது என்று அவற்றை நெடுங்காலம் ஒதுக்கினார்கள். பிரிட்டனில் காதைச் சோதித்து இணை சேர்க்கத் தொடங்கியபின் செவிட்டுக் குட்டிகளின் பங்கு குறைந்துவந்தது. நம்மாலும் முடியும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனமாகப் பதிவு செய்துவிட்டது. அந்த இனத்தைக் காப்பது குட்டி வளர்க்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பாலில் முக்கியெடுத்ததுபோல ஒரு முடி கறுப்பில்லாமல் வேண்டும் என்று கேட்கும் வியாபாரிக்கு நாயைப் பற்றிக் கவலை இல்லை. அவர் கேட்கும் நிறத்துக்காக இணை சேர்க்காதீர்கள். காது மடலில் திட்டு இருப்பதாலேயே உள்காதும் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்ட முடியாதுதான். அந்தக் குட்டியையும் சோதித்துவிட்டே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஜோடியைச் சேர்க்கலாமா? கூடாது. செவிட்டுக் குட்டி தந்த ஜோடி என்பது ஒரு காரணம், அண்ணன் தங்கை என்பது அதைவிடப் பெரிய காரணம். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால், குட்டியின் எந்த மரபணுவை எடுத்தாலும் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்க 25 சதவீத வாய்ப்பு. மறைந்திருக்கும் குறை எல்லாம் அங்கேதான் வெளியே வரும். 'தூய ரத்தம்' என்று இதை விற்பவர்களுக்கு ஐல் ராயல் ஓநாய்களைக் காட்டலாம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரித் தீவு அது. உறைந்த ஏரியைக் கடந்து போன சில ஓநாய்களின் வம்சம் அங்கே தங்களுக்குள்ளேயே பெருகியது. முதுகெலும்பு கோணலாகப் பிறப்பது சாதாரணமாகி, 2018இல் இரண்டே இரண்டு மிஞ்சின. அந்த இரண்டும் அப்பனும் மகளும். போதாததற்கு இரண்டுக்கும் ஒரே தாய்.

ஆண் நாயை வெளியே தேடுங்கள். தாத்தா பாட்டி வரை பொதுவாக இருக்கக்கூடாது. இரு காதும் சோதித்ததாக, நீலக் கண் இல்லாததாக, முடிந்தால் திட்டுள்ளதாக இருக்கட்டும். அதன் முந்தைய ஈற்றுக் குட்டிகளை நேரில் போய்ப் பாருங்கள். சான்றிதழ்க் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். இதற்கிடையில் வீட்டு ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகும் ஒரு மாதம் போல அதனால் சினைப்படுத்த முடியும். அந்த நாட்களில் பெட்டைக்கு ரத்தக்கசிவு கண்டால், அன்றிலிருந்து மூன்று வாரம் இரண்டையும் சுவர் தடுத்த தனி அறைகளில் அடையுங்கள். கம்பி வலை போதாது.

செவிட்டுக் குட்டிகள் இரண்டும் வாழட்டும், ஆனால் ஆட்டுக் கிடைக்கு அனுப்பாதீர்கள். பின்னால் வரும் டிராக்டரும் பக்கத்தில் சீறும் பாம்பும் அவற்றுக்குக் கேட்காது. சுற்றுச்சுவர் உள்ள வீட்டில், கைச்சாடைக்குப் பழக்கி வளர்க்கலாம். உட்கார, வர, நிறுத்த என்று ஒன்றுக்கு ஒரே சாடை, வீட்டில் எல்லோரும் அதையே காட்ட வேண்டும். இருட்டில் கூப்பிட டார்ச்சை இரண்டு முறை அடியுங்கள். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடிக்கும். பக்கத்தில் தரையைக் காலால் தட்டி எழுப்புங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். கழுத்தில் சின்ன மணி ஒன்று கட்டினால் அது எங்கே இருக்கிறது என்றாவது உங்களுக்குக் கேட்கும். ஆறு மாதம் கழிந்ததும் இரண்டுக்கும் கருத்தடை. வியாபாரியிடம் இவற்றைத் தள்ளிவிடாதீர்கள், சொல்லாமல் விற்றுவிடுவார். தெரிந்தவர் யாராவது கேட்டால், அவர் கண்ணெதிரிலேயே டம்ளரைத் தட்டிக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.