ரோல் தீர்ந்தும் 'பில் அச்சானது' என்கிறது கணினி

கேள்வி: திருநெல்வேலி டவுன் ரத வீதியில் அல்வா, மிக்சர் கடை வைத்திருக்கிறேன். மாலைக் கூட்டத்தில் பில் பிரிண்டரில் ரோல் தீர்ந்துபோனால், கணினி மட்டும் 'பில் அச்சானது' என்று காட்டிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளருக்காக மறுபடி பில் போட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை ஏறுகிறது. இரவில் கல்லாக் கணக்கு ஒத்துவருவதில்லை. புதிய பிரிண்டர் வாங்கச் சொல்கிறார் மென்பொருள் விற்றவர். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிரிண்டர் ஒழுங்காகத்தான் இருக்கிறது; மென்பொருள்தான் அதனிடம் எதையும் கேட்பதில்லை. பில்லைக் கேபிளில் தள்ளிவிட்டதையே அச்சானதாக அது கணக்கு வைக்கிறது.

பெரும்பாலான பில் பிரிண்டர்கள் எப்சன் நிறுவனம் வகுத்த எஸ்கேப்-பிஓஎஸ் கட்டளைகளைப் பின்பற்றுகின்றன; மென்பொருளும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் மொழி அது. மூடி திறந்திருக்கிறதா, ரோல் தீர்ந்ததா, தாளை வெட்டும் கட்டர் சிக்கியதா என்று மென்பொருள் எந்த நொடியும் கேட்கலாம். பிரிண்டர் ஒரே பைட்டில் பதில் சொல்லும். நிலை மாறும்போதெல்லாம் தானாகவே தெரிவிக்கும்படியும் அதற்கு ஆணையிடலாம். பதிலே வராவிட்டால் பிரிண்டர் அணைந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம். இங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள்தான் உங்கள் கணக்கைக் கெடுக்கிறது.

கோளாறிலிருந்து மீள்வதிலும் விவரம் இருக்கிறது. அச்சுத்தலை சூடேறி நின்றால், ஆறியதும் தானே தொடரும். கட்டரில் சிக்கிய தாளை எடுத்த பிறகு மென்பொருள் இரண்டில் ஒரு கட்டளை அனுப்பலாம்: விட்ட வரியிலிருந்து தொடர்வது, அல்லது மிச்சத்தை அழித்துவிட்டு மீள்வது. கடை பில்லுக்கு இரண்டாவதே நல்லது என்பேன். அழித்துவிட்டு, அதே எண்ணில் முழு பில்லையும் அடிக்க வேண்டும். அரைகுறைத் தாளில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் வாங்கியவர் எதைச் சரிபார்ப்பார்? ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் தொடர்வரிசையில் இருக்க வேண்டும். அதனால் மறுஅச்சு புது எண் எடுக்கக் கூடாது, 'நகல்' என்ற சொல்லோடு வர வேண்டும்.

விற்றவரைக் கடைக்கே அழைத்து உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நீளமான பில் ஒன்று ஓடும்போது பிரிண்டர் மூடியைத் திறங்கள். திரையில் உடனே 'மூடி திறந்திருக்கிறது' என்று வர வேண்டும். மூடியதும் அந்த பில் ஒரே எண்ணில், ஒரே விற்பனையாக முடிய வேண்டும். அடுத்து கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்; அப்போது 'பில் அச்சானது' என்று வரக் கூடாது. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அந்த மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். திருத்தித் தருவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள்.

என்றாவது பிரிண்டரை மாற்றும் நிலை வந்தால், ரோல் தீரப்போவதை முன்பே உணரும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். 58 மில்லிமீட்டர் சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் அதுவும் கட்டரும் இருப்பதில்லை.

அதுவரை யாரையும் பில் இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள். பில் தராமலிருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பல ரோல்களில் முடிவு நெருங்கும்போது தாளின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரியும். அதைக் கண்டதும், அல்வா நிறுக்கும் நெய்க் கையைத் துடைத்துவிட்டு, ரோலை மாற்றிவிடுங்கள்.