உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

லண்டன் புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: பழைய சாமான் சந்தையில் ஆடும் மரக்குதிரை ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. வயிற்றில் நீளவாக்கில் விரிசல், பெயின்ட் உரிகிறது, பிடரி மயிர் பாதி இல்லை. தாங்கியின் இரும்புத் தகட்டில் 1880 ஜனவரி 29 என்று பொறித்திருக்கிறது. தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்து மகளுக்குக் கொடுக்கலாமா?

தேய்க்க மட்டும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் தேதி குதிரையின் பிறந்தநாள் அல்ல, தாங்கியின் காப்புரிமைத் தேதி. அதற்கு முன்னால் குதிரைகள் வளைந்த வில்கட்டைகள்மேல் நின்றன. குழந்தை வேகமாக ஆட்டினால் குதிரை தரையில் நகர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் நிற்கும் தம்பியின் கால்விரல் அடியில் மாட்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து பிலிப் மார்க்வா, தரையில் அசையாமல் நிற்கும் தாங்கியில் இரும்புக் கம்பிகளால் குதிரையைத் தொங்கவிட்டார். ஏர்ஸ், லைன்ஸ் போன்ற லண்டன் பட்டறைகளும் இப்படிப்பட்ட தாங்கியில் பல்லாண்டுகள் குதிரை செய்தன. ஆகவே உங்களுடையது 1880க்குப் பிந்தியது, 1910ஆகக்கூட இருக்கலாம்.

விரிசலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வயிற்றைத் தட்டிப் பாருங்கள், பெட்டி போல ஒலிக்கும். ஒரே மரத்துண்டில் செதுக்கினால் கனக்கும், பிளக்கும். அதனால் பைன் பலகைகளை வச்சிரப் பசையால் ஒட்டி, உள்ளே வெற்றிடம் விட்டுப் பெட்டியாக்கி, பிறகுதான் செதுக்கினார்கள். பாரம் தாங்கும் கால்களுக்கு மட்டும் பீச் மரம். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்துகிறது, பலகை சுருங்குகிறது, ஒட்டிய இடம் வாய் திறக்கிறது. அந்தக் கோடு நேராக ஓடினால் அது மூட்டுத்தான், உளுத்ததல்ல. கால்கள் ஆடுகின்றனவா என்பதுதான் முக்கியம்.

மரத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சுண்ணாம்புத்தூளும் வச்சிரமும் கலந்த வெள்ளைப் பூச்சு பல அடுக்குகள் இருக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்புக்கு வைக்கும் சுண்ணாம்புப் பசைக்கு இது தூரத்துச் சொந்தம். உளித்தடத்தை மூடி, தோல் போன்ற வழவழப்பைத் தருவது இதுதான். வச்சிரம் தண்ணீரில் இளகும் என்பதால் ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பதும் ஆபத்து. பெயின்ட் கரைக்கும் திரவத்தில் ஊறவைத்தால் பூச்சும் போய்விடும், மூட்டும் கழன்றுவிடும்.

இப்போது உப்புத்தாள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். தரையில் விளையாடும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். அதோடு, மூலப் பெயின்ட் போனால் குதிரையின் விலையும் பெருமளவு போகும். மேலே யாராவது பின்னாளில் பூசியிருந்தால், மரச் சீரமைப்புக் கலைஞர் அதை மட்டும் நுணுக்கமாகச் சுரண்டி எடுத்துப் பழைய புள்ளிகளை வெளியே கொண்டுவருவார். உரிந்த சில்லு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை மகளை அதன் அருகே விடாதீர்கள். ஈயம் இருந்தால் என் யோசனை: குதிரை அலமாரி மேலே, மகளுக்குப் புதிதாக வேறொன்று.

பிடரி, வால், சேணம் மாற்றுவதில் தவறில்லை. அவை தேய்வதற்கென்றே இருப்பவை. உண்மையான குதிரை மயிரே இன்றும் கிடைக்கிறது. கழற்றிய பழையதை மட்டும் எறியாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள், விற்க நேர்ந்தால் குதிரையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.