வாசகர் கேள்வி – பதில்: முற்றத்தில் குளிர்காய ஓர் அடுப்பு

முற்றத்தில் குளிர்காய அடுப்பு வைக்கப் போகிறோம். குழி வெட்டுவதா, இரும்புச் சட்டி வாங்குவதா, புகைக்கூட்டோடு கட்டுவதா?
– வாசகர், ஹட்டன்

குழி வேண்டாம். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. நீங்கள் அடுப்பைத் தேடுவதோ ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்துப் பனி இறங்கும் இரவுகளில். மற்ற மாதங்களில் அது நனைந்துகொண்டுதான் கிடக்கும். ஆகவே தண்ணீர் எப்படி வடியும் என்று பார்த்துத்தான் அடுப்பைத் தெரிவு செய்ய வேண்டும்.

தரைக்கு மேல் வளையமாகக் கட்டுங்கள். உள்விட்டம் 3 அடி, உயரம் 12 முதல் 14 அங்குலம் போதும். அதைவிட உயர்த்தினால் முகத்தில் சூடு படும், கால் விறைக்கும். அடியில் 8 அங்குலம் தோண்டி 6 அங்குலத்துக்கு முக்கால் அங்குலச் சல்லி நிரப்புங்கள். சீமெந்துத் தளம் போட்டால் மழைநீர் தேங்கிச் சாம்பல் சேறாகிவிடும். கீழ் வரிசையில் நான்கு இடங்களில் 2 அங்குல இடைவெளி விடுங்கள். அவற்றில் ஒன்று சரிவுப் பக்கம் இருக்கட்டும். காற்று உள்ளே போவதும் தண்ணீர் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். மேலே கூரையோ மரக்கிளையோ இருக்கக் கூடாது.

இரும்புச் சட்டி வாங்குவதானால் 3 மில்லிமீற்றர் தடிப்பும் அடியில் துளைகளும் உள்ளதாகப் பாருங்கள். நாகம் பூசிய தகரம் ஆகாது, சூட்டில் அதன் புகை உடம்புக்குக் கேடு. சட்டியை ஓட்டையாக்குவது நெருப்பு இல்லை, நனைந்த சாம்பல். ஆறியதும் அள்ளிக் கொட்டிவிடுங்கள்.

புகைக்கூட்டுக்கு அத்திவாரமும் நல்ல மேசன் பாஸும் தேவை. அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு புகைக் குழாய்க்கு வேண்டும். 30க்கு 24 அங்குல வாய் என்றால் குழாய் 9க்கு 9 அங்குலம். இதைக் குறைத்தால் புகை முகத்துக்கே திரும்பும்.

ஆற்றுக்கல் அடுக்கித் தீ மூட்டினோம். அரை மணித்தியாலத்தில் ஒரு கல் வெடித்துத் தெறித்தது. கல் மோசமா?
– வாசகி, தலவாக்கலை

கல்லில் குறையில்லை, அதற்குள் இருந்த தண்ணீர்தான் காரணம். நுண்ணிய வெடிப்புகளில் ஊறிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளக்கிறது. வெயிலில் பல நாள் காயவைத்தாலும் உள் ஈரம் போய்விட்டது என்று நம்ப முடியாது. சீமெந்து பிளொக் கல்லும் நெருப்பை நேரே தாங்காது. சில மாதங்களில் பொரிந்து உதிரும்.

உள்வரிசைக்குத் தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும் சிறந்தவை. இணைப்பு எட்டில் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த செங்கல்லை மணல் கலந்த களிமண்ணில் வைத்துக் கட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பூசவேண்டி வரும், அவ்வளவுதான். கருங்கல்லின் அழகு வேண்டுமென்றால் வெளிவரிசையில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை அங்குலம் விடுங்கள். சூடேறிய செங்கல் விரிய இடம் வேண்டும். கட்டி ஒரு மாதம் மூடிக் காயவிட்டு, முதல் மூன்று தடவை சிறு சுள்ளித் தீ மட்டும் போடுங்கள்.

எந்த விறகு நல்லது?
– வாசகர், பண்டாரவளை

பற்றவைக்கக் கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த சுள்ளியை, மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சுள்ளென்று எரிந்து அடங்கிவிடும். சவுக்கு என்று தோட்டத்தில் சொல்லும் கிரெவிலியா நிழல்மரம் இலேசாகப் பிளக்கும், சீக்கிரம் காயும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் நீண்ட நேரம் நின்று எரியும், ஆனால் அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும்; காய்ந்தபின் கோடரி திரும்பி வரும். பிளந்ததைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். தறப்பாளால் சுற்றிக் கட்டினால் மூடுபனி ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டக்’கென்று கேட்க வேண்டும், ‘தொப்’பென்றால் இன்னும் சில மாதம் பொறுங்கள். ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் அடுப்பையே மூட்டாதீர்கள். மலைச்சரிவில் காய்ந்து நிற்கும் மானாப்புல் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

மழைக்குக் கரிச்சட்டியை விறாந்தைக்குள் கொண்டுவந்து கதவை மூடிக்கொள்ளலாமா? புகையே இல்லையே?
– வாசகர், நுவரெலியா

கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கும், பிறகு எழுந்து கதவைத் திறக்கவே முடியாது. அணைந்ததுபோல் தெரியும் தணலும் மணிக்கணக்கில் அதைக் கக்கும். மழை பிடித்தால் சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள்.