தாத்தாவின் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. எந்தக் காலத்து நோட்டுகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பு இருக்குமா?

அழுக்காக இருக்கிறதே என்று தண்ணீரில் நனைக்காதீர்கள். இஸ்திரி வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். அப்படியே பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த நோட்டுகள் பலவற்றில் ஆண்டு அச்சாகியிருக்காது. ராஜாவின் முகம், வெளியிட்டது யார், கையெழுத்து யாருடையது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தாடி வைத்தவர் ஐந்தாம் ஜார்ஜ். அவர் படம் பெரிதாகப் போட்ட நோட்டு வரிசை 1923இல் தொடங்கியது, வெளியிட்டது இந்திய அரசு. மழித்த முகம் என்றால் ஆறாம் ஜார்ஜ். ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கினாலும் அதன் முதல் நோட்டான ஐந்து ரூபாய் 1938 ஜனவரியில்தான் வந்தது.

இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஜே. பி. டெய்லர் கையெழுத்து இரண்டு ராஜாக்களின் நோட்டுகளிலும் உண்டு. முதலில் அரசு அதிகாரியாகப் போட்டவர், பிறகு ரிசர்வ் வங்கி கவர்னராகப் போட்டார். எனவே பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டெய்லருக்குப் பின் ரிசர்வ் வங்கி கவர்னரான சி. டி. தேஷ்முக் கையெழுத்து என்றால் 1943 அல்லது அதற்குப் பிந்தையது. ஒரு ரூபாய் மட்டும் தனிக் கதை: அதை வெளியிடுவது அரசு. 1940 நோட்டில் அரசு அதிகாரி சி. இ. ஜோன்ஸ் கையெழுத்து இருக்கும், அதில் அச்சான நாணயப் படத்திலேயே ஆண்டும் இருக்கும்.

அடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் பக்கவாட்டில் தெரிந்தால் முந்தையது. அவர் முகம் நேராகத் தெரிந்தால், கூடவே பாதுகாப்பு இழையும் இருந்தால், பிந்தையது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் தரமான கள்ளநோட்டு அடித்ததால் வந்த மாற்றம் அது.

மதிப்பு? தேஷ்முக் காலத்துச் சிறு நோட்டுகள் சேகரிப்பாளர்களிடம் நிறையவே புழங்குகின்றன; மடிப்பே விழாத நோட்டுக்குத்தான் கிராக்கி. பின் குத்திய ஓட்டையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், கட்டாகப் பின் அடித்து வைத்த காலம் அது. ஒருவேளை பெட்டியில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். முதல் உலகப் போரால் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது 1918 ஜனவரியில் வெளியிட்டு, 1926இல் நிறுத்திவிட்டார்கள். நகல் அச்சுகளும் சுற்றுவதால், நேரில் ஒரு அனுபவசாலியிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

இரு பக்கமும் தெளிவாகப் படமெடுத்துப் போட்டால், கையெழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.