ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் விவாகரத்தா?

கேள்வி: எனக்குத் திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. வடபழனியில் ஒரு மண்டபத்தில் இந்து முறைப்படி நடந்தது. பெண் பார்த்த அன்றே பூ வைத்துவிட்டார்கள். யோசிக்க அவகாசம் கேட்டும் அப்பா தரவில்லை. கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்தே பெருங்குடி வீட்டில் தனித்தனி அறையில் இருக்கிறோம். பிரிந்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். பெரியவர்களோ ‘மௌன ராகம்’ படத்தைக் காட்டி, “ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் கோர்ட்டில் மனுவே வாங்குவார்கள், அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார்கள். இது உண்மையா? பெரம்பூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், கணவனைக் கைவிட்டுப் போனவள் என்று என்மேல் வழக்கு வருமா? அவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. திருமணத்தை இன்னும் பதிவு செய்யவில்லை. என் நகைகள் மாமியாரின் லாக்கரில் இருக்கின்றன.
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. 1986இல் வந்த அந்தப் படத்தில், மணமாகி டெல்லிக்குப் போன திவ்யா கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். வழக்கறிஞரிடம் போனால், புதிதாகத் திருமணமானவர்கள் ஓராண்டு முடியாமல் மனுச் செய்ய முடியாது என்கிறார். அந்த ஓராண்டை வைத்துத்தான் மணிரத்னம் பின்பாதிக் கதையையே நடத்துகிறார். சட்டத்திலும் அது இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 14ஆம் பிரிவு. முதலில் அது மூன்றாண்டாக இருந்தது. 1976 திருத்தம்தான் அதை ஓராண்டாகக் குறைத்தது.

ஆனால் ‘சேர்ந்து வாழ வேண்டும்’ என்ற கட்டளை அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது. திருமண நாளிலிருந்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அது கேட்பதில்லை.

நீங்கள் இருவரும் போடப்போகும் மனுவுக்குரிய பிரிவோ பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிரானது. மனமொத்த விவாகரத்துக்கான 13பி பிரிவின்படி, மனுச் செய்வதற்கு முந்தைய ஓராண்டு நீங்கள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பெரியவர்கள் எண்ணச் சொல்வது சேர்ந்திருந்த நாட்களை. நீதிமன்றம் எண்ணுவது பிரிந்திருந்த நாட்களை. அவர்கள் பேச்சைக் கேட்டு ஓராண்டு குடும்பம் நடத்திவிட்டு நீதிமன்றத்துக்கு வந்தால், இன்னும் ஓராண்டு பிரிந்திருந்துவிட்டு வாருங்கள் என்றுதான் பதில் வரும்.

பிரிந்து வாழ்வது என்றால் வீடு மாற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுரேஷ்டா தேவி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கணவன் மனைவியாக வாழவில்லை என்பதே முக்கியம், எந்தக் கூரையின்கீழ் இருந்தார்கள் என்பது முக்கியமில்லை. இந்த அளவுகோலால் பார்த்தால், டெல்லி வீட்டில் ஒட்டாமல் இருந்த திவ்யாவும் அவள் கணவன் சந்திரகுமாரும்கூடப் பிரிந்து வாழ்ந்தவர்களே. தீர்ப்பு வந்தது படத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

ஆகவே உங்கள் ஓராண்டு இரண்டாம் மாதத்திலேயே தொடங்கிவிட்டது என்று வாதிடலாம். இருவரும் பிரமாணப் பத்திரத்தில் ஒரே தேதியைச் சொன்னால் பெரும்பாலும் சிக்கல் வராது. இருந்தாலும் நான் அதை நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். நடுவில் ஒருவர் மனம் மாறி, “நாங்கள் ஒழுங்காகத்தான் குடித்தனம் செய்தோம்” என்று சொல்லிவிட்டால், மூடிய கதவுக்குள் நடந்ததை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? பெரம்பூருக்குப் போய்விடுங்கள். போகும் நாளன்று இருவரும் ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இன்ன தேதியிலிருந்து இருவரின் சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறோம் என்று. கைவிட்டுப் போனவள் என்ற குற்றச்சாட்டுக்கும் அந்த மின்னஞ்சலே பதில். ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல், தகுந்த காரணமும் இல்லாமல் விலகிப் போய், அது தொடர்ந்து இரண்டாண்டு நீடித்தால்தான் சட்டத்தில் அது கைவிடுதல். பேசிப் பிரிந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

அதன்பிறகு விசேஷ வீட்டில் சந்தித்துக்கொள்வதாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ கணக்கு கெட்டுவிடாது. ‘ஒரு முறை முயன்று பார்ப்போம்’ என்று மறுபடி குடும்பம் நடத்தினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அப்படி முயல்வதை நான் தடுக்கவில்லை. தேதி மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஓராண்டு காத்திருக்காமல் இருக்க வழியே இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். 14ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: மனுதாரருக்கு அசாதாரணத் துன்பம், அல்லது எதிர்த்தரப்பின் அசாதாரண ஒழுக்கக்கேடு. உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. கணவர் கெட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “அடித்தார் என்று ஒரு வரி சேர்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று யோசனை சொல்ல நம் ஊரில் ஆள் கிடைக்கும்; என் தொழிலிலும் கிடைக்கும். பொய் சொல்லியோ மறைத்தோ அனுமதி வாங்கியது தெரிந்தால் மனுவையே தள்ளுபடி செய்ய அதே பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதைவிட, சண்டையில்லாமல் பிரியச் சம்மதித்த ஒரு மனிதரை எதிரியாக்கிக்கொள்வீர்கள்.

அப்பா அவசரப்படுத்தினார் என்பதைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முடியுமா? படத்தில் திவ்யாவும் தந்தைக்கு மாரடைப்பு வந்த பிறகுதான் சம்மதிக்கிறாள். 12ஆம் பிரிவு கேட்பது பலவந்தத்தால் அல்லது மோசடியால் பெற்ற சம்மதம். அப்பாவின் பிடிவாதம், அம்மாவின் கண்ணீர் போன்றவற்றைப் பலவந்தம் என்று நிலைநாட்டுவது மிகக் கடினம். விட்டுவிடுங்கள்.

இனி நடைமுறை. மனைவி வசிக்கும் இடத்திலேயே மனுத் தாக்கல் செய்ய 2003 திருத்தம் வழி செய்திருக்கிறது. அவர் ஹைதராபாத் போனாலும், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே இருவரும் கூட்டாக மனுச் செய்யலாம். சேர்த்துவைக்க முயல்வது அந்த நீதிமன்றத்தின் சட்டக் கடமை என்பதால் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். எரிச்சல்படாமல் போய் வாருங்கள். முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்தார்களா என்பதை அந்தத் தீர்ப்பு முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறது. ஓராண்டு முடிந்த மறுநாளே மனுப் போடுபவர்கள் அதை நம்ப முடியாது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ரயில் நிலையத்தில் திவ்யா செய்ததுபோலக் காகிதத்தைக் கிழிக்கக்கூடத் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வராமல் இருந்தாலே போதும்.

யாராவது முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்காதீர்கள். உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபித்தால் ஒழிய, அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்வது இருதார மணக் குற்றமாகும்.

பதிவு செய்யாததால் உங்கள் திருமணம் இல்லையென்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குமேல் 60 நாள் கூடுதல் கட்டணத்துடன் அவகாசம் உண்டு. நான்கு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது, இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பிரியப்போகிறவர்கள் எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உங்கள் மாமா யாராவது சிரிப்பார். திருமணம் நடந்தது என்று காட்டாமல் அதை முறிக்க முடியாது. அழைப்பிதழும் புகைப்படமும் சாட்சியாகலாம், சான்றிதழ் இருந்தால் வேலை சுலபம்.

நகை விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். திருமணத்துக்கு முன்பும் பின்பும் உங்களுக்கென்று கொடுத்தவை சீதனம். அவை முழுக்க உங்கள் சொத்து, லாக்கர் யார் பெயரில் இருந்தாலும். பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ரசீதுகளையும் திருமணப் படங்களையும் வைத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பெரம்பூருக்குக் கிளம்பும் முன், கணவரையும் உடன் வைத்துக்கொண்டு மாமியாரிடம் நகைகளைக் கேட்டு வாங்கி, பட்டியலில் மூவரும் கையெழுத்திடுங்கள். தரத் தயங்கினால் வழக்கறிஞர் மூலம் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஜீவனாம்சம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அப்போதே பேசி முடித்து, கூட்டு மனுவில் எழுதிவிடுங்கள். நகை கைக்கு வராமல் ‘எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின்கீழ் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.